அணை திறக்கும் தேதி மாறினால் சம்பாவை எப்படி முடிவுசெய்வது? கடைமடை விவசாயிக்கு முழுமையான வழிகாட்டி

2022இல் மேட்டூர் அணையை மே 24ஆம் தேதியே திறந்தார்கள். 2023இல் வழக்கம்போல ஜூன் 12. 2024இல் ஜூலை 28. மூன்றே வருடத்தில் இரண்டு மாத வித்தியாசம்.

தேதியாவது போகட்டும். 2023இல் நாள் தவறாமல்தான் திறந்தார்கள். அணையில் 103 அடிக்கு மேல் தண்ணீர் இருந்தது. அக்டோபர் 10ஆம் தேதி, சம்பா தண்ணீருக்கு ஏங்கிக்கொண்டிருந்த நேரத்தில், பாசனத்துக்கு மூடிவிட்டார்கள். அதற்கு முந்தைய வருடம் தண்ணீர் சீக்கிரமே வந்தது. ஆனால் நவம்பர் 11ஆம் தேதி சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. மழை கொட்டி நட்ட பயிரெல்லாம் மூழ்கியது. சீக்கிரம் திறந்த வருடம் வெள்ளத்தில் கெட்டது, சரியாகத் திறந்த வருடம் காய்ந்து கெட்டது.

எங்கள் நிலம் திருத்துறைப்பூண்டிப் பக்கம், ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில், 15 மா (சுமார் 5 ஏக்கர்). அப்பாவின் கணக்கு எளிமையானது. "ஆடிப்பெருக்குக்கு விதை விட்டா பொங்கலுக்குப் புது நெல்லு." அந்தக் கணக்கில் தப்பே இல்லை. ஆடி 18 என்பது ஆகஸ்ட் 2 அல்லது 3. அன்று 155 நாள் ரகத்தை விதைத்தால் ஜனவரி முதல் வாரம் அறுப்பு. பிசகாமல் பொருந்துகிறது. ஆனால் ஆற்றில் தண்ணீர் வரும் நாள் ஏறக்குறைய நிலையாக இருந்த காலத்துக்கான கணக்கு அது. கேள்வி வருடா வருடம் மாறும்போது பதிலை மட்டும் மனப்பாடமாக வைத்திருந்து பயனில்லை. பதிலைக் கண்டுபிடிக்கும் முறையைக் கையில் வைத்திருக்க வேண்டும். சில வருடங்களாக நாங்கள் கடைப்பிடிக்கும் முறையைப் படிப்படியாகச் சொல்கிறேன். காவிரி டெல்டாவில் நிலம் இல்லாதவருக்கும் யோசிக்கும் விதம் உதவும் என்று நம்புகிறேன்.

படி 1: அசையாதது எது, அசைவது எது?

ஆனி மாதத்தில் ஒரு தாளை எடுத்து மூன்று பத்தி போடுங்கள்.

முதல் பத்தியில் மாறாதவை: எந்த வயல் பள்ளம், எது மேடு, எந்த வடிகால் எங்கே போய்ச் சேர்கிறது, எந்த ரகத்துக்கு எத்தனை நாள். இரண்டாவதில் மெதுவாக மாறுபவை: அணையின் இருப்பு, ஆள் கூலி, நிலத்தடி நீரின் உப்பு. மூன்றாவதில் நாளுக்கு நாள் மாறுபவை: மழை, முறைப்பாசன (முறை வைத்துத் தண்ணீர் விடும்) அறிவிப்பு, பூச்சி.

பலரும் மூன்றாவது பத்தியைப் பற்றியே பேசிக்கொண்டிருப்போம். டீக்கடையில் நடக்கும் பேச்சில் முக்கால் பங்கு அதுதான். ஆனால் முடிவைக் கட்டிப்போடுவது முதல் பத்தி. பள்ள வயலில் என்ன ரகம் போடக்கூடாது என்பதை எந்த வானிலை அறிக்கையும் மாற்றப்போவதில்லை. அதை முதலிலேயே எழுதிவிட்டால், யோசிக்க வேண்டிய விஷயங்கள் பாதியாகக் குறையும்.

படி 2: முடிவிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

மேட்டூர் அணையை வழக்கமாக மூடும் நாள் ஜனவரி 28. அங்கிருந்து பின்னால் எண்ணுங்கள்.

சி.ஆர். 1009 போன்ற 155 நாள் ரகம் என்றால், விதைக்கக் கடைசி நாள் ஆகஸ்ட் 26. 135 நாள் மத்திய கால ரகத்துக்கு செப்டம்பர் 15. 110 நாள் குறுகிய கால ரகத்துக்கு அக்டோபர் 10.

அறுப்புக்குப் பத்து நாள் முன்பே வயலை வடித்துவிடுவோம் என்பதால், இந்தத் தேதிகள் ஒவ்வொன்றிலும் பத்து நாள் ஒளிந்திருக்கிறது. நடவு என்றால் நாற்று பறித்து நட்டபின் பச்சை பிடிக்கச் சில நாள் போகும். அந்தப் பத்தில் பாதியை அது தின்றுவிடும். ஆகவே தேதிகளை அப்படியே வைத்துக்கொள்வது நல்லது.

இந்த மூன்று தேதிகளையும் காலண்டரில் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். இவைதான் முடிவெடுக்கும் நாட்கள். அதுவரை தினமும் மனதைப் போட்டு உழற்ற வேண்டியதில்லை. ஆகஸ்ட் 26 வரைக்கும் மூன்று வழியும் திறந்திருக்கிறது. அதன்பின் இரண்டு. செப்டம்பர் 15க்குப் பின் ஒன்று.

அந்த ஒன்றும் எல்லா வயலுக்கும் பொருந்தாது. அக்டோபர் 10இல் தெளித்த பயிர் நவம்பர் நடுவில் முப்பத்தைந்து நாள் குழந்தை. வடகிழக்குப் பருவமழை கொட்டும் காலத்தில் அது பள்ள வயலில் நின்றால் தலை மூழ்கும். தேதிக் கணக்கு அனுமதித்தாலும் மழைக் கணக்கு அனுமதிக்காது. இரண்டு கணக்கையும் சேர்த்துப் பார்த்தபோதுதான், கடைசி வாய்ப்பை மேட்டு வயலுக்கு மட்டும் ஒதுக்கினோம்.

படி 3: செய்தியை எடைபோடுங்கள்

ஜூலை வந்தால் கைப்பேசி நிறையச் செய்தி. எல்லாவற்றுக்கும் ஒரே எடை கொடுத்தால் மனம் ஊசலாடும். நான் மூன்று கேள்வி வைத்திருக்கிறேன்.

எதோடு ஒப்பிடுவது? "கர்நாடகம் தண்ணீர் திறந்தது" என்ற செய்தி தனியாக எதையும் சொல்லாது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், மாநில எல்லையில் தண்ணீரை அளக்கும் இடமான பிலிகுண்டுலுவில் நமக்கு வர வேண்டியது வருடத்துக்கு 177.25 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) என்று தீர்ப்பளித்தது. அதில் ஜூன் பங்கு 9.19, ஜூலை 31.24, ஆகஸ்ட் 45.95. ஆகஸ்ட் முடியும்போது 86.38 டி.எம்.சி. வந்திருக்க வேண்டும். அதில் எவ்வளவு வந்தது என்று பார்த்தால் நிலவரம் புரியும். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மூன்று மாதத்தில் மட்டும் வருடப் பங்கில் கிட்டத்தட்ட 114 டி.எம்.சி. வர வேண்டும். அதனால் குடகிலும் வயநாட்டிலும் ஜூலை மழை எப்படி என்பதைத்தான் நான் முதலில் கவனிப்பேன். குடகு மழை கர்நாடகத்தின் கிருஷ்ணராஜ சாகர் அணைக்குப் போகிறது, வயநாட்டு மழை கபினி அணைக்கு.

அளவு எதைக் காட்டுகிறது? அணையை அடியில் சொல்வது நமக்குப் பழகிவிட்டது. ஆனால் அணை அடிப்பக்கம் குறுகி மேலே விரிந்த பாத்திரம். 120 அடியில் 93.47 டி.எம்.சி. இருக்கும். 60 அடியில் அதில் பாதி இருக்காது. சுமார் 25 டி.எம்.சி.தான். மேலே ஓரடி குறைவதும் கீழே ஓரடி குறைவதும் ஒன்றல்ல. எனவே அடிக்குப் பக்கத்தில் இருக்கும் டி.எம்.சி. கணக்கைப் படியுங்கள்.

மூன்றாவது கேள்விதான் எனக்கு அதிகம் உதவியது. இந்தச் செய்தி உண்மையென்றால் நாளைக்கு நான் எதையாவது மாற்றிச் செய்வேனா? மாட்டேன் என்றால் அதைப் படித்துவிட்டு மறந்துவிடலாம். செய்வேன் என்றால் இன்னும் இரண்டு இடத்தில் விசாரித்து உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

எல்லாச் செய்தியையும்விடக் கனமானது ஒன்று உண்டு: நம் மடையில் ஓடும் தண்ணீர். கல்லணையில் திறந்ததும் கடைமடையில் வந்ததும் வேறு வேறு சேதி.

படி 4: "இது நடந்தால் இது" என்று முன்கூட்டியே எழுதுங்கள்

இந்தப் படியை நான் பட்டுத்தான் கற்றேன்.

2023இல் சி.ஆர். 1009 விதையை ஆனியிலேயே வாங்கி வைத்துவிட்டேன். ஆகஸ்ட் போனது, மடையில் தண்ணீர் நிலைக்கவில்லை. வாங்கிய விதை கொட்டகையில் கிடக்கிறதே என்று செப்டம்பர் முதல் வாரத்தில் 6 மாவில் புழுதி விதைப்பு (காய்ந்த மண்ணில் விதைப்பது) செய்தேன். ஒரு மழை பெய்து முளைத்தது. பிறகு ஒன்றுமில்லை. "இன்னும் ஒரு வாரம் பார்ப்போம்" என்று மூன்று தடவை சொன்னேன். ஒவ்வொரு தடவையும் நியாயமாகத்தான் பட்டது. அணையை மூடியபோது பயிர் கருகிக்கொண்டிருந்தது. அக்டோபர் கடைசியில் உழுதுவிட்டு 110 நாள் ரகத்தை மறுபடி தெளித்தோம். விதை இரண்டு தடவை, உழவுக் கூலி இரண்டு தடவை.

விதைக்குக் கொடுத்த பணம் ஏற்கெனவே போனது. அது நாளைய முடிவில் பேசக்கூடாது. ஆனால் அந்த நேரத்தில் அது சத்தமாகப் பேசும், நம்மால் அடக்க முடியாது. அதனால் அது பேசத் தொடங்கும் முன், மனம் அமைதியாக இருக்கும் ஆனி மாதத்திலேயே வரிகளை எழுதிவைத்துவிடுகிறோம். எங்கள் நோட்டில் இப்போது இருப்பவை:

ஆகஸ்ட் 20க்குள் எங்கள் மடையில் ஐந்து நாள் தொடர்ந்து தண்ணீர் வராவிட்டால் நீண்ட கால ரகம் கிடையாது; விதையைக் கேட்பவருக்கு விற்றுவிடுவது.

ஆகஸ்ட் முடிவில் வரத்து 86 டி.எம்.சி.யில் பாதியைத் தொடாவிட்டால் நாற்றங்கால் கிடையாது. மத்திய கால ரகத்தை நேரடி விதைப்பு.

செப்டம்பர் 15 தாண்டினால் பள்ள வயலைத் தரிசாக விடுவது.

கடைசி வரியை எழுதியபோது அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நிலத்தைச் சும்மா போடுவதா என்பது அவர் வருத்தம். அந்த வருத்தம் எனக்கும் உண்டு. ஆனாலும் வரி அப்படியே இருக்கிறது. பாதி, ஐந்து நாள் போன்ற எண்கள் எங்கள் மண்ணுக்கும் மடைக்கும் நாங்கள் வைத்தவை; உங்கள் எண் வேறாக இருக்கும். எண் இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். "தண்ணீர் ரொம்பக் குறைவாக இருந்தால்" என்று எழுதினால், அந்த "ரொம்ப" ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் நகர்ந்துகொண்டே போகும்.

படி 5: நிலத்தைப் பிரித்து வையுங்கள், அளவோடு

15 மாவிலும் ஒரே ரகம் போட்டால் வேலை சுலபம். நல்ல வருடத்தில் லாபமும் அதிகம். ஆனால் எந்த வருடம் நல்ல வருடம் என்று யாருக்கும் முன்னால் தெரியாது. பள்ளத்தில் வெள்ளம் தாங்கும் சி.ஆர். 1009 சப் 1, மேட்டில் டி.கே.எம். 13 போன்ற 130 நாள் ரகம் என்று பிரித்தோம். சப் 1 மரபணு உள்ள ரகங்கள் முழுதாக மூழ்கினாலும் இரண்டு வாரம் வரை உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

இதற்கும் எல்லை உண்டு. நான்கைந்து ரகம், நான்கைந்து தேதி என்று சிதறினால் முறைப்பாசனத் தண்ணீர் ஒன்றுக்குச் சரியாக இருக்கும்போது மற்றொன்றுக்குத் தப்பாக இருக்கும். அறுவடை இயந்திரத்தை நாலு தடவை கூப்பிட வேண்டும். ஊரில் பயிர்கள் வெவ்வேறு வயதில் நின்றால் பூச்சிக்கும் ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்குப் போய்க்கொண்டே இருக்க வசதி. எங்களுக்கு இரண்டு ரகம், அதிகம் போனால் மூன்று.

படி 6: தேதியைப் பார்க்காதீர்கள், பயிரைப் பாருங்கள்

விதைத்தபின் பெரும்பாலோர் மனம் ஓய்ந்துவிடும். பதினைந்தாம் நாள் இது, முப்பதாம் நாள் அது என்று அட்டவணைப்படி போவோம். பருவம் மாறிக்கொண்டிருக்கும்போது அட்டவணை எப்படி மாறாமல் இருக்கும்? இந்த இடத்தில் வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரைகளில் மூன்று அருமையான கருவிகள் இருக்கின்றன. மூன்றும் ஒரே காரியத்தைச் செய்கின்றன: நாளை எண்ணுவதற்குப் பதில் அடையாளத்தை எண்ணச் சொல்கின்றன.

முதலாவது, காய்ச்சலும் பாய்ச்சலும். ஒரு சாண் அகலத்துக்குள் அடங்கும் பிளாஸ்டிக் குழாயை 30 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, பாதி உயரத்துக்குச் சுற்றிலும் துளையிட்டு, அந்தப் பாதியை வயலில் புதைக்க வேண்டும். உள்ளே இருக்கும் மண்ணை அள்ளிவிட்டால் மண்ணுக்கடியில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று தெரியும். தண்ணீர் மண் மட்டத்துக்கு 15 செ.மீ. கீழே இறங்கும்வரை பாய்ச்ச வேண்டாம். இறங்கியதும் பாய்ச்சலாம். மேலே மண் வெடிக்கத் தொடங்கியதைப் பார்த்து நெஞ்சு பதறும். குழாயைப் பார்த்தால் வேருக்குத் தண்ணீர் இருப்பது தெரியும். பூக்கும் காலத்தில் மட்டும் இந்த விளையாட்டு கூடாது. வயலில் தண்ணீர் நிற்க வேண்டும். முறை வைத்துத் தண்ணீர் விடும் வருடத்தில் இந்தக் குழாய் எங்களைக் காப்பாற்றியிருக்கிறது. எந்த வயல் இன்னும் நான்கு நாள் தாங்கும், எது இன்றே கேட்கிறது என்று பிரித்துப் பாய்ச்ச முடிந்தது.

இரண்டாவது, இலை வண்ண அட்டை. நட்ட பதினான்காம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை, காலை 8 மணியிலிருந்து 10 மணிக்குள், நம் நிழல் இலைமேல் விழும்படி நின்று, நன்றாக விரிந்த மேல் இலையை அட்டையில் வைத்துப் பார்க்க வேண்டும். பத்து இலையில் ஆறு, அட்டையின் 4ஆம் எண்ணைவிட வெளுத்திருந்தால் தழைச்சத்து இடலாம். வெள்ளைப் பொன்னி போன்ற ரகத்துக்கு அந்த எண் 3. இலை கரும்பச்சையாக இருக்கும்போதும் "முப்பதாம் நாள் யூரியா" என்று போட்டுவிட்டுப் பிறகு பூச்சியை அழைத்துக்கொண்டது நாங்கள்தான்.

மூன்றாவதுதான் என் சிந்தனையையே மாற்றியது. புகையான் பூச்சிக்கான பொருளாதாரச் சேதநிலை, அதாவது மருந்தடிப்பதற்கான எல்லை, சிம்புக்கு (தூரிலிருந்து கிளைக்கும் ஒரு தண்டுக்கு) ஒரு பூச்சி. ஆனால் குத்துக்கு (ஒரு நெல் தூருக்கு) ஒரு சிலந்தி இருந்தால் சிம்புக்கு இரண்டு பூச்சி வரை பொறுக்கலாம். யோசித்துப் பாருங்கள். எதிரியை மட்டும் எண்ணினால் போதாது, நமக்காக வேலை செய்பவரையும் எண்ண வேண்டும் என்று இந்த விதி சொல்கிறது. பயந்து மருந்தடித்தால் சிலந்தி முதலில் சாகிறது. புகையானின் முட்டை இலையுறைக்குள் பத்திரமாக இருக்கிறது. முட்டை பொரிந்து வரும்போது தின்ன ஆளில்லை. அடித்ததற்குப்பின் பூச்சி ஏன் கூடுகிறது என்று பல வருடம் மருந்தை மாற்றி மாற்றி அடித்துக்கொண்டிருந்தோம், கேள்வியே தப்பு. ஒரு தீர்வு திரும்பத் திரும்பத் தோற்றால், தீர்வே பிரச்சினையை வளர்க்கிறதா என்று ஒரு தடவையாவது கேட்டுப்பார்க்க வேண்டும்.

எண்ணுவதற்குக் குனிய வேண்டும். வரப்பில் நின்று பார்த்தால் எல்லா வயலும் பச்சையாகத்தான் தெரியும். குறுக்காக நடந்து பத்துப் பன்னிரண்டு குத்தை அடித்தூர் வரை விலக்கிப் பாருங்கள்.

படி 7: திரும்ப முடியாததைத் தள்ளிப்போடுங்கள், வருந்த வேண்டாததை உடனே செய்யுங்கள்

வடிகாலில் ஆகாயத்தாமரையை வாருவது, வரப்பைக் கட்டுவது, பயிர்க் காப்பீடு செய்வது ஆகியவை மழை வந்தாலும் வராவிட்டாலும் நஷ்டமில்லாத வேலைகள். புரட்டாசியிலேயே முடித்துவிடுங்கள். சம்பாவுக்குக் காப்பீட்டின் கடைசி நாள் பெரும்பாலும் நவம்பர் 15ஆக இருக்கும். மழை தொடங்கியபின் ஓடினால் அடங்கல் (கிராம நிர்வாக அலுவலர் தரும் சாகுபடிச் சான்று) வாங்கவே நாள் போய்விடும்.

யூரியா போடுவது திரும்ப முடியாத வேலை. காற்றழுத்தத் தாழ்வு என்று அறிவிப்பு இருக்கும்போது இரண்டு நாள் பொறுப்பதில் பயிருக்குக் கேடில்லை. போட்டுவிட்டு மழை அடித்தால் காசு வாய்க்காலில் போகும்.

வெள்ளம் வடிந்த மறுநாள் உழுதுவிட முடிவெடுக்காதீர்கள். சேறு படிந்து எல்லாம் செத்ததுபோலத் தெரியும். ஒரு வாரம் விட்டுக் குருத்தைப் பாருங்கள். புதுக் குருத்து வந்த குத்தில் சிம்பைக் கலைத்து எடுத்து, செத்த இடத்தில் நடலாம். வயலின் நடுவில் பிழைத்து ஓரம் மட்டும் போன வருடங்கள் எங்களுக்கு உண்டு.

அறுவடை மட்டும் இதற்கு எதிர். அங்கே பொறுப்பதுதான் ஆபத்து. 2021 ஜனவரியிலும் 2023 பிப்ரவரித் தொடக்கத்திலும் கதிர் முற்றிய பயிர் மழையில் சாய்ந்ததை டெல்டா முழுதும் பார்த்தோம். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் எடுக்கமாட்டார்கள் என்பதால் இன்னும் காயட்டும் என்று விடுவோம். எங்கள் வரி இப்போது இப்படி: கதிரில் பத்தில் எட்டு மணி மஞ்சளாகி, வங்கக் கடலில் தாழ்வு என்று சொன்னால், அறுத்துவிடுவது. நெல்லைக் களத்தில் காயவைக்கலாம். சாய்ந்த பயிரை நிமிர்த்த முடியாது.

படி 8: நோட்டில் காரணத்தை எழுதுங்கள்

எத்தனை மூட்டை என்பதை எல்லோரும் எழுதுவோம். அதோடு, முடிவெடுத்த அன்றே, ஏன் எடுத்தோம் என்று இரண்டு வரி எழுதுங்கள். "ஆகஸ்ட் 22. மடையில் ஆறு நாளாகத் தண்ணீர். நாற்று விட்டது." இப்படி.

ஏனென்றால் நல்ல முடிவும் கெட்டுப்போகும், தப்பான முடிவும் பலிக்கும். 2021 ஜனவரி மழையில் நஷ்டப்பட்டவர் பலர் சரியான நேரத்தில் சரியான ரகத்தை விதைத்தவர்கள். விளைச்சலை மட்டும் பார்த்தால் அடுத்த வருடம் அவர்கள் சரியானதைக் கைவிட்டிருப்பார்கள். பணம் தந்த வருடத்தின் சூதாட்டத்தை மறுபடி ஆடுவதும் இப்படித்தான். காரணம் எழுதியிருந்தால், எது நம் கணக்கில் பிழை, எது வானத்தின் செயல் என்று பிரித்துப் பார்க்கலாம். கணக்கில் பிழை என்றால் படி 4இல் உள்ள வரியைத் திருத்துங்கள். ஒரு வருடத்தில் ஒரு வரிக்கு மேல் திருத்தாதீர்கள். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது.

பயறு தெளித்துவிட்டு மாசியில் கொஞ்சம் ஓய்வு இருக்கும். நானும் அப்பாவும் அப்போதுதான் நோட்டைப் பிரித்து உட்காருவோம். போன தடவை அவர் தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்தார்: "பள்ள வயல் தரிசு விட்டால், ஐப்பசிக்குள் அதன் வடிகாலை ஒரு முழம் ஆழப்படுத்துவது." அந்த வேலையை இந்த ஆனியிலேயே தொடங்கப்போகிறோம்.